கடுகு போன வழி

ஒரு ஊர்ல ஒரு சீனியம்மா இருந்தா. இரு இரு, முதல்ல காலை நீட்டிப் படு. போர்வையை உதைக்காத. ஃபேன் போடுற சத்தம் பத்தாதுன்னு நீ வேற கட்டிலைத் தட்டிக்கிட்டு! அத்தை கதை சொல்லணும்னா நீ 'ம்' கொட்டணும். 'ம்' நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், இப்பவே சொல்லிட்டேன்.

“ம்.”

ஆங், அப்படி. காலையில நீ என்ன பண்ணே செல்லி? ரப்பரைக் காணோம்னு கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டே. வாசல்ல ஸ்கூல் வேன் வந்து, பாம் பாம்னு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சு, போயே போச்சு. நீ உள்ள இருந்துக்கிட்டு “கெடச்சுருச்சு, கெடச்சுருச்சு”ன்னு கத்துறே. அப்போ உங்க அம்மா என்ன சொன்னா? “கடுகு போன இடம் தேடுவா, பூசணிக்கா போன இடம் தெரியாது”ன்னு சொன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு பொழுதுக்கும் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சியே, அந்தக் கடுகைத் தேடுனவதான் இந்தச் சீனியம்மா. கேளு.

அந்த ஊரு கரிசக்காட்டு ஊரு. மண்ணு கன்னங்கரேல்னு இருக்கும். மழை பேஞ்சா காலைப் பிடிச்சு இழுக்கும், வெயிலடிச்சா பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். அந்த ஊர்லயே சீனியம்மாவுக்குத்தான் கூரான கண்ணு. எப்பேர்ப்பட்ட கண்ணு தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி கம்பு புடைச்சா, இவ தெருவுல போகும்போதே, “அந்தா ஒரு கல்லு கெடக்கு பாரு”ம்பா. யாருக்காவது மூக்குத்தித் திருகாணி விழுந்துருச்சுன்னா, “சீனியம்மாவைக் கூட்டிட்டு வா”ன்னு ஆள் ஓடும். அவ வருவா, முந்தானையை இழுத்து இடுப்புல சொருகுவா, குனிவா. மூணு மூச்சு விடுறதுக்குள்ள திருகாணி கையில இருக்கும்.

அதுல அவளுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன கொஞ்சம், தலைகொள்ளாத பெருமை! “என் வீட்டுல ஒரு கடுகு உருண்டாக்கூட எனக்குத் தெரியும்”னு தண்ணி எடுக்கப் போற இடத்துலயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவா.

“ம்.”

அவ புருஷன் பொன்னுரங்கம். வாயில்லாப் பூச்சி. அவன்கிட்ட ஒரு மாட்டு வண்டி இருந்துச்சு. வெள்ளையன், செவலைன்னு ரெண்டு மாடு. கன்னுக்குட்டியிலருந்து அவன் வளர்த்ததுங்க. வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல பூசணிக்கொடி போட்டிருந்தாங்க. அது கூரை மேலயெல்லாம் ஏறிக் காய்ச்சுக் கெடக்கும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தக் காயை வண்டியில ஏத்தி மத்தியானம் சந்தைக்குக் கொண்டு போவான், சாயந்தரம் திரும்பி வருவான். பிள்ளைங்க எல்லாம் கல்யாணம் கட்டி வெளியூர் போயிருச்சுங்க. வீட்டுல ரெண்டு பேரு, தொழுவுல ரெண்டு மாடு, அவ்வளவுதான் குடும்பம்.

அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பழக்கம் இருந்துச்சு செல்லி. கல்யாணமான புதுசுலருந்து இருந்த பழக்கம். அவங்க வாசப்படியில நின்னு பார்த்தா, ரொம்பத் தூரத்துல ஒரு புளியமரம் தெரியும். வண்டித்தடம் அங்கதான் திரும்பும். சந்தையிலருந்து வரும்போது பொன்னுரங்கம் அந்தப் புளியமரத்துக்கிட்ட வந்ததும், தலையில கட்டியிருக்கிற செவப்புத் துண்டை அவுத்து, எந்திரிச்சு நின்னு, வீசு வீசுன்னு வீசுவான். இங்க சீனியம்மா வாசப்படியில நின்னு அகப்பையைத் தூக்கி ஆட்டுவா. அதுக்கு அர்த்தம் ‘நான் வந்துட்டேன்’, ‘நான் இருக்கேன்’. அவ்வளவுதான். அப்புறம் அவ உள்ள ஓடிப் போயி குழம்புக்கு எண்ணெய் காய வைப்பா. வண்டி ஜல் ஜல்னு வாசல்ல வந்து நிக்கவும், கடுகு பட பட படன்னு வெடிக்கவும் சரியா இருக்கும். ஒரு நாள் தப்பாது. அந்தத் தாளிச்ச வாசனைக்கு வெள்ளையன்கூட மூக்கைத் தூக்கி உள்ள பார்க்குமாம்.

எங்க அம்மா எனக்கு இதைச் சொல்லும்போது அந்த இடத்துல அவங்களும் மூக்கை உறிஞ்சிக் காட்டுவாங்க. எனக்கு அப்பவே பசிச்சுரும். இப்பவும்தான் பசிக்குது, சரி விடு.

அப்போ, ஒரு வெள்ளிக்கிழமை சீனியம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறந்தா. அவ ஒரு வேலை பண்ணி வச்சிருப்பா. கடுகு அறையில கடுகை மட்டமாத் தட்டி, சுண்டு விரலால ஒரு கோடு இழுத்து வச்சிருப்பா. யாராவது தொட்டா கோடு அழிஞ்சுரும்ல? அன்னைக்குப் பார்த்தா கோடு அழிஞ்சு கெடக்கு. நடுவுல ஒரு குழி. ரெண்டு விரல் அள்ளுன குழி.

“ஆத்தாடி! என் பெட்டியிலயா?”ன்னா. சோறு தண்ணி இறங்கல அவளுக்கு. ஒரு சிட்டிகைக் கடுகுதான் போச்சு. ஆனா அவளுக்கு அது தன் கண்ணுல ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி.

“யாரு எடுத்தாங்க அத்தை?”

அவசரத்தைப் பாரு. அதைத்தான் அவளும் கேட்டா. “எலி! எலியேதான்!”னு முடிவு பண்ணுனா. சுட்ட தேங்காச் சில்லை வச்சு ஒரு எலிப்பொறியைத் தயார் பண்ணி, அடுப்படி நடுவுல பளிச்சுன்னு வச்சா. வச்சுட்டுக் கதவுக்குப் பின்னாடி மூச்சடக்கி நின்னா. கொஞ்ச நேரம் போச்சு. டப்புன்னு ஒரு சத்தம். “மாட்டுச்சுடா!”ன்னு ஓடி வந்து பார்த்தா, பொறியில மாட்டுனது எலியில்ல. பொன்னுரங்கத்தோட கால் கட்டைவிரலு!

சிரிக்காத, பாவம். “ஸ்ஸ்... ஆ...”ன்னு ஒத்தைக்கால்ல குதிக்கிறான் மனுஷன். அவ என்ன கேக்கணும்? ‘இம்மாம் பெரிய பொறி கண்ணுக்குத் தெரியலையா, என்னாச்சு உங்களுக்கு’ன்னு கேக்கணும்ல? கேக்கலையே! “ஏங்க, நல்ல பொறியைக் கெடுத்துட்டீங்களே, இனி எலி வருமா?”ன்னு அவனைத் திட்டிட்டு, தேங்காச் சில்லை ஊதி எடுத்து மறுபடி வச்சா. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் சொல்லாம வெளியில போயி மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டான்.

“ம்.”

அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை. மறுபடியும் கோடு அழிஞ்சிருக்கு, மறுபடியும் குழி. பொறியில எலியும் இல்ல ஒண்ணும் இல்ல. “அப்போ கோழி! அந்த மூக்காயி வளர்க்கிற கோழி!”ன்னா. மூக்காயின்னா பக்கத்து வீட்டுக்காரி. இவ விடுவிடுன்னு போயி, மூக்காயியோட கோழியைத் துரத்தி, கொக் கொக் கொக்னு அது கத்தக் கத்த மடியில அமுக்கிக்கிட்டு, அதோட இரைப்பையைத் தடவித் தடவிப் பார்க்கிறா, உள்ள கடுகு தட்டுப்படுதான்னு! மூக்காயி இடுப்புல கையை வச்சுக்கிட்டு, “ஏண்டி, உன் ஒரு சிட்டிகைக் கடுகுக்காக என் கோழி முட்டை போடுறதையே மறந்துரும் போலிருக்கே”ங்கிறா.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கம் அந்தப் பக்கம் வந்தான். மூக்காயி வீட்டு வாசல் தூண்ல ஒரு ஆடு கட்டியிருக்கு. இவன் நேரா ஆட்டுக்கிட்ட போயி நின்னு, “என்ன மூக்காயி, சௌக்கியமா?”ன்னான்.

ஆடு, “மே...”ன்னுச்சு.

மூக்காயி விழுந்து விழுந்து சிரிச்சா. சீனியம்மாவும் கோழியை மடியில வச்சுக்கிட்டே சிரிச்சா, “இந்த வயசுல இவருக்குக் குசும்பைப் பாரேன்”னு. பொன்னுரங்கமும் சிரிச்சான். ஆனா அவன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமா வந்துச்சு. அதை யாரும் கவனிக்கல.

“அத்தை, அவருக்குக் கண்ணு தெரியலையா?”

பார்த்தியா! ஏழு வயசுக் கழுதை, பாதித் தூக்கத்துல இருக்கே, உனக்குத் தெரியுது. ஊருக்கே திருகாணி தேடிக் குடுத்தவளுக்குத் தெரியல. எனக்கு அவ மேல கோவமா வரும், ஆனா முழுசாக் கோவப்படவும் முடியாது. நம்மளும் அப்படித்தானே இருக்கோம்.

இதுக்கு நடுவுல இன்னொண்ணும் காணாமப் போச்சு. என்ன தெரியுமா? துண்டு. அந்தச் செவப்புத் துண்டு வீசுறது. புளியமரத்துக்கிட்ட வந்து அவன் துண்டை வீசுவான். இங்க அகப்பை ஆடுதா இல்லையா, அவனுக்குத் தெரியல. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. அவ்வளவு தூரம் என்ன, கை நீட்டுற தூரத்துலயே அப்படித்தான் இருக்கு. ஒரு வாரம் வீசுனான், ரெண்டு வாரம் வீசுனான். அப்புறம் துண்டைத் தலையிலயே கட்டிக்கிட்டுப் பேசாம வந்துட்டான். வெள்ளையனுக்கும் செவலைக்கும் வழி தெரியும், அதுங்களாக் கூட்டிட்டு வந்துரும். சரி, இவளாவது ‘ஏன் இன்னைக்குத் துண்டு வீசல’ன்னு கேட்டாளா? அவ எங்க வாசப்படியில நின்னா? அடுப்படியில குனிஞ்சு, விளக்குமாத்தை வச்சுச் சந்து சந்தாக் கடுகு கூட்டிக்கிட்டிருந்தா. எண்ணெயை வேற நேரத்துக்கு வச்சா, கடுகு வேற நேரத்துக்கு வெடிச்சுச்சு. வண்டி ஒரு நேரத்துக்கு வந்துச்சு. முப்பது வருஷத்துப் பழக்கம், சத்தமில்லாமப் போச்சு. போனதே அவளுக்குத் தெரியல செல்லி. அதை நெனச்சாத்தான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

“ம்... அப்புறம்?”

அப்புறம் இப்படியே நாலு வாரம் ஓடிப்போச்சு, அடுத்த வெள்ளிக்கிழமை வரப்போகுது. வியாழக்கிழமையே சீனியம்மா ஒரு யோசனை பண்ணுனா. “கடுகு கறுப்பு, நம்ம மண்ணும் கறுப்பு. திருடன் சிந்திட்டுப் போனாலும் நமக்குத் தெரியுமா?”ன்னு, என்ன பண்ணுனா தெரியுமா? கடுகைத் தட்டுல கொட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மஞ்சத்தூளைப் போட்டுப் பிசறு பிசறுன்னு பிசறுனா. கடுகு பூரா மஞ்சளாப் போச்சு. பொன்னுரங்கம் பக்கத்துல வந்து நின்னு, “ஏ புள்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்”னான். “இருங்க, கையெல்லாம் மஞ்சளா இருக்கு, அப்புறம் சொல்லுங்க”ன்னுட்டா. அவனும் அப்புறம் சொல்லல.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுச்சு. அன்னைக்குன்னு பார்த்துச் செவலைக்கு ஒரு கால்ல லாடம் கழண்டு நொண்டுச்சு. சந்தையை விட முடியுமா? தெருக்கோடி வீட்டுலருந்து ஒரு காளையை இரவல் வாங்கி வெள்ளையனோட சேர்த்துக் கட்டுனான். கறுத்த காளை, முரட்டுக் காளை. அதுக்கு அந்த வழி தெரியாது. பூசணிக்காயெல்லாம் ஏத்துனான். பின்பக்கத் தட்டி கழண்டு தொங்குது, அது அவனுக்குத் தெரியல. ஹை ஹைன்னு வண்டியை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அவன் போனதும் சீனியம்மா பெட்டியைத் திறந்தா. கோடு இல்ல! குழி விழுந்திருக்கு! தரையைப் பார்த்தா, அஞ்சறைப் பெட்டியிலருந்து வாசல் வரைக்கும் அங்கொண்ணு இங்கொண்ணு மஞ்சக் கடுகு. “மாட்டிக்கிட்டான்!”ன்னா. முந்தானையை இழுத்துச் சொருகுனா, குனிஞ்சா. வாசலைத் தாண்டித் தெருவுல ஒண்ணு. தெருவைத் தாண்டி வண்டித்தடத்துல ஒண்ணு. கறுத்த மண்ணுல மஞ்சக் கடுகு பளிச் பளிச்சுன்னு தெரியுது. ஒவ்வொண்ணாப் பொறுக்கி முந்தானை முனையில முடிஞ்சுக்கிட்டே போறா. “வண்டித்தடத்துலயே நடந்து போயிருக்கான். கால்தடம் தெரியக் கூடாதுன்னு! பலே கெட்டிக்காரத் திருடன்”னு தனக்குத்தானே பேசிக்கிறா. குனிஞ்ச தலை நிமிரல.

இப்போ முன்னாடி வண்டி போகுது, கடக் முடக், கடக் முடக். ஒரு பள்ளம் வந்துச்சு. தொங்குற தட்டி வழியா ஒரு பூசணிக்கா டொப்புன்னு விழுந்து உருண்டு வழியில நின்னுச்சு. பின்னாடி இவ வந்தா. கடுகு, கடுகு, கடுகு... நடுவுல பூசணிக்கா. “எந்தப் பாவி வழியில கல்லைப் போட்டது?”ன்னு திட்டிட்டு, சுத்திக்கிட்டுப் போயிட்டா!

“ஹீ ஹீ.”

அப்புறம் இன்னொரு பள்ளம். ரெண்டாவது பூசணிக்கா, டொப்பு. இவ வந்தா. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்குது. “கொஞ்சம் உக்காருவோம்”னு, அந்தப் பூசணிக்கா மேலயே உக்காந்தா! உக்காந்துக்கிட்டு, முந்தானையை அவுத்து, எத்தனை கடுகு சேர்ந்திருக்குன்னு எண்ணிப் பார்க்கிறா. அவ தோட்டத்துப் பூசணிக்கா, அவ கையால தண்ணி ஊத்தி வளர்த்த பூசணிக்கா. அது மேல ராணி மாதிரி உக்காந்துக்கிட்டு, கடுகை எண்ணுறா. எண்ணி முடிச்சு எந்திரிச்சு மறுபடி குனிஞ்சு நடந்தா.

அப்புறம் மூணாவது பள்ளம், மூணாவது பூசணிக்கா. இருக்கிறதுலயே பெருசு அதுதான். இவ கடுகைப் பார்த்துக்கிட்டே வேகமா வந்தா. கால் தடுக்குச்சு. தொபுக்கடீர்! மல்லாக்க விழுந்தா. முந்தானை முடிச்சு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். வானத்தைப் பார்த்துக் கெடக்கிறா. எத்தனை நாளாச்சோ அவ வானத்தைப் பார்த்து.

மெதுவாத் தலையைத் தூக்குனா. முதல்ல தன் காலுக்கிட்ட இருந்த பூசணிக்காயைப் பார்த்தா. “இது நம்ம காயில்ல?”ன்னா. அதுக்கு அப்பால தூரமாப் பார்த்தா.

வண்டி போகுது. ஆனா வண்டித்தடத்துல போகல.

வழியை விட்டுத் தள்ளி ஒரு பாழுங்கிணறு உண்டு. சுத்துச்சுவர் கிடையாது. தரையோட தரையா வாயைத் திறந்துக்கிட்டுக் கெடக்கும். அந்த இரவல் காளைக்குத் தாகம். தண்ணி வாசனையைப் பிடிச்சுக்கிட்டு அது கிணத்தைப் பார்த்து இழுக்குது. வெள்ளையன் இந்தப் பக்கம் மல்லுக்கட்டுது, முடியல. வண்டிக்கு மேல பொன்னுரங்கம் நிமிந்து உக்காந்திருக்கான். நேராப் பார்க்கிறான். கிணத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கு. ஆனா கயித்தைத் தளர்த்தி விட்டுட்டு, நிம்மதியாப் போறான்.

அந்த ஒரு நிமிஷத்துல எலிப்பொறி, ஆடு, துண்டு, எல்லாம் ஒண்ணா வந்து அவ நெஞ்சுல இடிச்சுச்சு. அவளுக்கு விளங்கிருச்சு.

“ஏங்க! கயித்தை இழுங்க! ரெண்டு கையாலயும் இழுங்க! கிணறு! முன்னாடி கிணறு!”

அவ போட்ட சத்தத்துல பனைமரத்துக் காக்காயெல்லாம் பறந்து போச்சு. பொன்னுரங்கம் கேள்வி கேக்கல. அவ குரலு எப்போ பொய் சொல்லியிருக்கு? இழுத்தான் பாரு, ஒரே இழு! வெள்ளையன் முன்னங்காலை ஊனி மலை மாதிரி நின்னுச்சு. காளை முண்டுச்சு, கண்ணை உருட்டுச்சு, அப்புறம் அதுவும் நின்னுச்சு. அதோட குளம்புல பட்ட ஒரு மண்ணாங்கட்டி மட்டும் உருண்டு போயி, ரொம்ப நேரம் கழிச்சு உள்ள பொளக்குன்னு விழுந்துச்சு.

செல்லி, முழிச்சிருக்கியா?

“ம்.”

சீனியம்மா ஓடுனா. செருப்பு ஒண்ணு எங்கேயோ போச்சு. மூச்சு வாங்க வண்டிக்கிட்ட போயி நின்னா. அவனுக்கும் அவளுக்கும் பத்தடி தூரம்தான் இருக்கும். அவன் தலையைத் திருப்பி, அங்க நின்ன ஒரு பனைமரத்தைப் பார்த்து, “ஏ புள்ள, எங்க நிக்கிற?”ன்னு கேட்டான்.

அவ விடுவிடுன்னு கிட்டப் போயி அவன் கையைப் பிடிச்சு இறக்கி, கிணத்தை விட்டுத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி ஒரு மேட்டுல உக்கார வச்சா. அப்போ அவன் இடுப்புல சொருகியிருந்த துண்டு நழுவுச்சு. செவப்புத் துண்டு. அதோட முனையில ஒரு முடிச்சு. முடிச்சுல ஒரு ஓட்டை. ஓட்டையிலருந்து ஒரு மஞ்சக் கடுகு உருண்டு அவ கால்ல வந்து விழுந்துச்சு.

“நீங்களா?”ன்னா.

“நான்தான்”னான்.

“எத்தனை நாளா இப்படி?”

“போன அறுப்புக்கு அப்புறம். முதல்ல புகை அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் பனி மாதிரி. இப்போ உச்சி வெயில்லயும் பனிதான்.”

“சரி, கடுகு எதுக்கு?”

அவன் வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னான். “ஊரே உன் கண்ணைப் பத்தித்தான் பேசுது. அந்த ஊரு கண்ணு பூரா சேர்ந்து, வீட்டுல இருக்கிற இன்னொரு சோடிக் கண்ணு மேல பட்டுருச்சோன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறப்போ, புளியமரத்தடிக் கொல்லுப்பட்டறையில வண்டியை நிறுத்தி, கடுகைத் தலையைச் சுத்தி உலையில போட்டுட்டுப் போவேன்.”

“அட கூறுகெட்ட மனுஷா! தனக்குத்தானே சுத்திக்கிட்டா திருஷ்டி கழியுமா? இன்னொரு கை வேணாமா?”

“வேணும்தான்”னான் பொன்னுரங்கம். “அந்தக் கைதான் கடுகு பொறுக்கிக்கிட்டு இருந்துச்சே.”

அவன் கோவமாச் சொல்லல செல்லி. கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலை. அவ சண்டையாவது போட்டிருப்பா.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”ன்னு அழுதா.

“சொல்ல வந்தேன் புள்ள. ஒரு தடவை நீ எலிக்குப் பொறி வச்சுக்கிட்டிருந்தே. ஒரு தடவை கோழி வயித்தைத் தடவிக்கிட்டிருந்தே. நேத்து உன் கையெல்லாம் மஞ்சளா இருக்குன்னே. நீ நிமிருவே, நிமிருவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

சீனியம்மா கண்ணைத் துடைச்சா. மூக்கைச் சிந்தி எறிஞ்சுட்டு எந்திரிச்சா. மாட்டோட கயித்தைத் தன் கையில பிடிச்சா. அவனை வண்டியில ஏத்தி உக்கார வச்சுட்டு, மாட்டுக்கு முன்னாடி தான் நடந்தா. தலை நிமிந்து, தூரமாப் பார்த்துக்கிட்டு நடந்தா. நேரா புளியமரத்தடிக்குப் போனா. கொல்லன்கிட்ட ஒரு கைப்பிடி உப்பு வாங்குனா. அவன் துண்டுல மிச்சமிருந்த கடுகையும் உப்பையும் சேர்த்துக் கையில மூடிக்கிட்டு, பொன்னுரங்கத்தை நிக்க வச்சு, வலப்பக்கம் மூணு சுத்து, இடப்பக்கம் மூணு சுத்து. “ஊரு கண்ணு, உறவு கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு...”ன்னு சொல்லிக்கிட்டே வந்தவ, கடைசியில, “எல்லாக் கண்ணுக்கும் மேல என் கண்ணு, பக்கத்துல இருந்தும் பார்க்காத கண்ணு, அதுவும் இதோட போகட்டும்”னா. சொல்லிட்டு உலையில போட்டா. பட பட பட படன்னு வெடிச்சுச்சு.

“கண்ணு வந்துருச்சா?”

கடுகு வெடிச்சாக் கண்ணு வந்துருமாக்கும்! அப்படி வர்றதுன்னா ஆஸ்பத்திரி எதுக்கு? சீனியம்மா ஒண்ணும் அவ்வளவு மக்கு இல்ல. கண்ணு பட்டதுக்குக் கடுகு, கண்ணு கெட்டதுக்கு வைத்தியருன்னு, மறுநாளே டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அங்க டாக்டர் லைட்டை அடிச்சுப் பார்த்துட்டு, “கண்ணுல புரை விழுந்திருக்கு, எடுத்துட்டாச் சரியாப் போகும்”னாரு. அப்போ அந்த டவுன் பள்ளிக்கூடத்துலதான் கண் முகாம் போட்டிருந்தாங்க. பெஞ்சியெல்லாம் ஒதுக்கிட்டு வரிசையாப் பாய் போட்டு, ஆபரேஷன் பண்ணுனவங்களைப் படுக்க வச்சிருந்தாங்க. எல்லார் கண்ணுலயும் பச்சைத் துணி. அசையக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது. சீனியம்மா பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டா. ஒரு வாரமும் அவன் முகத்தைத் தவிர வேற எதையும் பார்க்கல. பக்கத்துப் பாய்க்காரம்மா, “என் மோதிரத்தைக் காணோம், கொஞ்சம் தேடிக் குடு தாயி”ன்னுச்சாம். “வேற ஆளைப் பாரு”ன்னுட்டாளாம்!

“ம்...”

எட்டாம் நாள் பச்சைத் துணியை அவுத்தாங்க. பொன்னுரங்கம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பார்த்துட்டு, “ஏ புள்ள, உனக்கு எப்போ தலை நரைச்சுச்சு?”ன்னான்.

அவ தலையைத் தொட்டுப் பார்த்தா. “நரைச்சு ரெண்டு வருஷம் ஆச்சே. கண்ணு நல்லா இருந்தப்போ நீங்களும் பார்க்கலையா?”

“பார்க்கலையே”ன்னான்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டுச் சிரிச்சாங்க. சிரிக்கக் கூடாதுன்னு நர்சம்மா வந்து திட்டுனா.

அப்புறம் என்ன? அவன் காலைத் தடுக்கி... இல்லையில்ல, இவ காலைத் தடுக்கி விட்டுச்சுல்ல அந்தப் பூசணிக்கா, அதை அவ வெட்டல. குங்குமம் வச்சுக் கூரை மேல ஏத்தி வச்சா. யாராவது, “அதை ஏன் இன்னும் சமைக்கல”ன்னு கேட்டா, “அது எனக்குக் கண்ணாஸ்பத்திரி”ம்பா. மூக்காயி சும்மா இருப்பாளா? “கடுகு போன இடம் தேடுனா, பூசணிக்கா போன இடம் தெரியல”ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சா. அது பேரன் பேத்தி வரைக்கும் வந்து, இன்னைக்குக் காலையில உங்க அம்மா வாயிலயும் வந்துருச்சு.

அஞ்சறைப் பெட்டியில சீனியம்மா அப்புறம் கோடு இழுக்கல. கடுகு சிந்துனா, “குருவி தின்னட்டும், போ”ம்பா. வெள்ளிக்கிழமை சாயந்தரமானா அகப்பையைத் தூக்கிக்கிட்டு வாசப்படியில வந்து நின்னுருவா. தூரத்துல புளியமரம். மரத்தடியில ஒரு பொட்டு மாதிரி வண்டி. அந்தப் பொட்டுக்கு மேல செவப்பா என்னமோ ஆடும். வீசு வீசுன்னு ஆடும். இவ அகப்பையை ஆட்டுவா. கண்ணுல தண்ணி நிக்கும், ஆனாலும் நல்லாத் தெரியும். அப்புறம் உள்ள போயி எண்ணெய் வைப்பா. வெளியில ஜல் ஜல் ஜல்... உள்ள பட பட பட...

‘ம்’ சொல்லு. செல்லி? ஏ செல்லி?

அடி கள்ளி! எப்போ தூங்குனே? பச்சைத் துணி கட்டும்போதா, அவுக்கும்போதா? நான் பாட்டுக்குப் புளியமரத்துக்கும் வாசப்படிக்கும் நடந்துக்கிட்டு இருக்கேன். என் கைக்குள்ள நீ தூங்கிப் போனதை நான் கவனிக்கவே இல்லையே. சீனியம்மாவைச் சொல்ல வந்துட்டேன் பெருசா.

உங்க அப்பனும் சின்னப் பிள்ளையில இப்படித்தான். எங்க அம்மா கதை சொல்லும்போது கிணறு வர்றதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிருவான். கதையில கடைசியா என்னாச்சுன்னு அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நாளைக்குக் காலையில ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வச்சுச் சொல்றேன். ரப்பர் கெடக்கட்டும் எங்கேயாவது.

கடுகு வெடிச்சு அடங்குச்சு, வண்டி வந்து நின்னுச்சு, மாட்டை அவுத்துக் கட்டியாச்சு. கதையும் வீடு வந்து சேர்ந்துருச்சு. தூங்கு, என் தங்கம், தூங்கு.